இரவல் ஆஸ்பத்திரி

அத்தியாயம் 17

முடியாது என்று ஒற்றைக்காலில் நின்ற சிவரஞ்சனி, கடைசியில் சரி என்று தலையாட்டிய இடத்தில் போன வாரம் விட்டோம். அந்தத் தலையாட்டலுக்கு என்ன விலை என்று அப்போது அவளுக்கும் தெரியாது, அவளை ஆட்டவைத்த புருஷனுக்கும் தெரியாது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. சிவரஞ்சனி ஈச்சம்பள்ளம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். வாக்கப்பட்டு வந்து குடியிருப்பது பச்சைமலை அடிவாரத்துக் கல்லேரிப்பட்டியில். புருஷன் அன்பழகன் அங்கே பைக் மெக்கானிக். பேருக்குத்தான் மெக்கானிக். ஊருக்கு இருபத்துநாலு மணி நேர ஆஸ்பத்திரி வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவதுதான் அவனுக்கு முழுநேர உத்தியோகம்.

கல்லேரிப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டடம் இல்லாமல் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை டாக்டர் வருவார், அதுவும் வந்தால் வருவார். அன்பழகனின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனபோது அதன் கதவில் பூட்டுத் தொங்கியது. அந்தப் படியிலேயே அவர் உயிர் போயிற்று. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் அன்பழகனுக்கு.

இப்போது எம்.எல்.ஏ.க்கள் குழு ஒன்று சென்னையிலிருந்து புறப்பட்டு வந்திருந்தது. கிராமத்து ஜனங்களுக்கு வைத்தியம் கிட்டத்தில் கிடைக்க என்ன வழி, எந்த ஊர் ஆஸ்பத்திரியைப் பெரிதாக்கலாம் என்று நேரில் பார்த்துச் சட்டசபைக்குச் சொல்ல வேண்டிய குழு. பெரம்பலூர் மாவட்டத்தை முடித்துக்கொண்டு அரியலூர் போகிறார்கள். பெரம்பலூரில் கடைசியாகப் பார்க்கிற ஊர் கல்லேரிப்பட்டி.

குழு வருகிறது என்றதுமே மேலேயிருந்து வாய்வார்த்தையாக ஒரு சேதி வந்துவிட்டது, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி மாதிரி இருக்க வேண்டும் என்று. அதற்கு என்ன அர்த்தம் என்று வெள்ளைக் கோட்டுப் போட்ட எல்லோருக்கும் தெரியும். பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் பக்கத்து வீட்டு நாற்காலியும் எதிர்வீட்டு டம்ளரும் நம் வீட்டுக்கு வருமே, அந்தக் கதைதான். ஈச்சம்பள்ளத்து டாக்டர் பிரசாத் அன்று ஒரு நாள் கல்லேரிப்பட்டி டாக்டர். ஈச்சம்பள்ளத்து நர்ஸ் சிவரஞ்சனி கல்லேரிப்பட்டி நர்ஸ். அந்தச் சுற்று வட்டாரத்துக்கே இருக்கிற ஒரே ஆம்புலன்ஸ் வாசலில் கழுவித் துடைத்து நிற்கும். இவ்வளவுக்கும் சிவரஞ்சனி வாய் திறக்கவில்லை. பழகிப்போன நடைமுறைதான்.

பாம்புக்கடி மருந்துப் பெட்டியையும் கொண்டு வா என்று அன்பழகன் கேட்டபோதுதான் முடியாது என்றாள்.

"இல்லாத ஊர இல்லாத மாதிரியே காட்டுங்களேன். அப்பத்தானங்க குடுப்பாங்க?"

"நீ கவர்மெண்ட்ல இருக்க, ஆனா ஒனக்குக் கவர்மெண்ட் தெரியல. நல்லா ஓடுற எடத்துக்குத்தான் மேல போட்டுக் குடுப்பாங்க. பாழடஞ்சு கெடந்தா இழுத்து மூடிட்டுப் போயிருவாங்க. ஒரு நாள்தான் ரஞ்சனி. எங்கப்பாவ நெனச்சுக்க."

அவள் அவரை நினைத்துக்கொண்டாள். நேற்றுச் சாயங்காலம், ஈச்சம்பள்ளத்தில் உதவிக்கு இருக்கிற சசிகலா வேலை முடிந்து கிளம்பிய பிறகு, அங்கே பிரிட்ஜைத் திறந்து பெட்டியை எடுத்தாள். புருஷன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, பச்சைக்குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். டாக்டரைத் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை.

*

காலையில் வீட்டில் கல்யாணக் களை இருந்தது. அன்பழகனின் தம்பி பாலாஜிக்குப் பங்குனியில் கல்யாணம். பெண் வேறு யாரும் இல்லை, சிவரஞ்சனியின் கூடப்பிறந்த தங்கை சிந்து. அரியலூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள்.

இரண்டு பெண்ணையும் ஒரே வீட்டில் கொடுப்பதா என்று உடையார்பாளையத்தில் அவர்கள் அப்பா வைத்திலிங்கம் முதலில் இழுத்தார். "என் கொழுந்தன் மாதிரி ஒரு புள்ள வெளக்கு வச்சுத் தேடுனாலும் கெடைக்காதுப்பா. நான் இருக்கேன்ல, நான் பாத்துக்கறேன்" என்று சிவரஞ்சனி சொன்ன பிறகுதான் தாம்பூலம் மாற்றினார்.

அந்தக் கொழுந்தன் சட்டியில் மிச்சமிருந்த தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டான்:

"ஏண்ணி, டாக்டரும் இங்க, நீங்களும் இங்க. ஈச்சம்பள்ளத்துல எவனுக்காச்சும் காச்ச வந்தா?"

"சசிகலா இருக்கு தம்பி. ஒரு நாள் காச்ச ஒண்ணும் பண்ணாது."

"நீங்க இருக்கற ஊர்ல நோயே பயந்துக்கிட்டுத்தான் கெடக்கும்."

"வாய் பேசாம பூட்ஸ மாட்டிக்கிட்டுப் போ. காட்டுல பூச்சி பொட்டு கெடக்கும்."

"வேர்க்குதுண்ணி. கதிர் ஒடிக்கிற ஆளு பத்துப் பேரும் சிரிக்கிறாங்க, மிலிட்டரி வந்துட்டான்டான்னு."

ஈச்சம்பள்ளத்தில் குத்தகைக்குப் பிடித்த காட்டில் அவன் மக்காச்சோளம் போட்டிருந்தான். கல்யாணச் செலவுக்கு அதுதான். கதிரெல்லாம் ஒடித்து வரப்போரம் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். தம்பி, இன்னைக்கு அங்க மருந்துப் பெட்டியும் இல்ல, பாத்து நடந்துக்க என்று ஒரு வார்த்தை. அவள் வாயைத் திறக்கத்தான் போனாள். எதிரே சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அன்பழகன் அவளைப் பார்த்தான். அவள் சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பாலாஜி வண்டியைக் கிளப்பும்போது பாடிக்கொண்டே போனான். அவளைக் கேலி செய்கிற பாட்டு. அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

ஈச்சம்பள்ளத்தில் பாம்பு கடித்தால் முதலில் மந்திரிக்கிறவர் வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். அந்தப் பழக்கத்தை உடைத்தவள் சிவரஞ்சனி. நூறு நாள் வேலை நடக்கிற இடம், ரேஷன் கடை, பால் சொசைட்டி என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் போய் நின்று தொண்டை கட்டக் கத்துவாள். கட்டாதீங்க, கீறாதீங்க, வாய வச்சு உறியாதீங்க, மந்திரிக்கப் போவாதீங்க, நேரா எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க, மருந்து எப்பவும் இருக்கும். பாலாஜி இதற்கு ராகம் போட்டு, தாளம் போட்டு, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடிக் காட்டுவான். சிந்துவுக்குக்கூடப் போனில் பாடியிருக்கிறான்.

*

குழு வந்து இறங்கியது. மாலை வேண்டாம், சால்வை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும், அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தலைவர் சர்க்கரை வியாதிக்காரர், காபியைச் சர்க்கரையில்லாமல் கேட்டார். நோயாளிகளைப் பெயர் கேட்டு விசாரித்தார். கண்ணாடி போட்ட ஒருவர் மலைமேல் இருக்கிற ஊர்களுக்கு பைக்கில் டாக்டரை அனுப்பலாம் என்றார். இன்னொருவர், டாக்டரே வேண்டாம், டி.வி.யில் முகம் பார்த்துப் பேசி மருந்து எழுதலாம் என்றார். டி.வி. ஊசி போடுமா என்று கேட்டார் ஒரு பெண் உறுப்பினர். அவர் மட்டும்தான் உட்காராமல் சுவரோரமாக நடந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாம்புக்கடி இந்தப் பக்கம் அதிகமாச்சேம்மா. மருந்து இருக்கா?"

"இருக்குங்கம்மா."

சிவரஞ்சனி பிரிட்ஜைத் திறந்து காட்டினாள். பெட்டி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாள் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். ஈச்சம்பள்ளம் என்று பெட்டிமேல் எழுதியிருந்த பக்கத்தை அன்பழகன் காலையிலேயே சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தான்.

அப்புறம் அன்பழகன் பேசினான். அப்பா செத்த கதையைச் சொன்னான். அந்தப் படியைக் காட்டினான். ஊர் ஜனம் வாசலில் நின்று கேட்டது. தன் புருஷன் இவ்வளவு நன்றாகப் பேசுவான் என்று சிவரஞ்சனிக்கே அன்றுதான் தெரிந்தது. பெட்டியைக் கொண்டுவந்தது சரிதானோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

தலைவர் எழுந்து அவன் தோளில் தட்டினார்.

"உங்கப்பாவுக்கு நடந்தது கொடுமை தம்பி. ஆனா அது அப்ப. இப்ப பாருங்க, டாக்டர் இருக்காரு, நர்ஸ் இருக்காங்க, வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்கிது, பாம்புக்கடி மருந்து வரைக்கும் இருக்கு. நாங்க காலையிலேருந்து பாத்த எந்த ஊர்லயும் இவ்வளவு இல்ல. இருக்கறதோ கொஞ்சப் பணம். மொதல்ல எதுவுமே இல்லாத ஊருக்குக் குடுப்போம். என்ன சொல்றீங்க?"

மற்ற உறுப்பினர்கள் தலையசைத்தார்கள். நியாயமான பேச்சு. யார் என்ன குறை சொல்ல முடியும்?

அன்பழகனின் சிரித்த முகம் சிரித்தபடியே நின்றுபோயிற்று. இதெல்லாம் இரவல் ஐயா என்று சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் ஒருத்தி. அவனும் இப்போது அந்த ஒருத்தி மாதிரிதான் நின்றான்.

சிவரஞ்சனி அவனைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் டிரைவர் அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் வெளியே போனாள்.

"சிஸ்டர், ஈச்சம்பள்ளத்துலேருந்து போன். பாம்புக்கடிக்கு வண்டி வேணுங்கறாங்க. குழு போற வரைக்கும் நவுரக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க. என்ன பண்ணட்டும்?"

அவள் போனை வாங்கினாள். அவளுடையது சத்தத்தை அடைத்துக் கைப்பைக்குள் உள் அறையில் கிடந்தது. குழுவுக்கு முன்னால் போன் அடிக்கக் கூடாது என்று அதற்கும் உத்தரவு.

"சிஸ்டர், பெட்டிய எங்க வச்சீங்க சிஸ்டர்? பிரிட்ஜுல காணோம். அலமாரியெல்லாம் கொட்டித் தேடிட்டேன்." சசிகலா அழுதுகொண்டே பேசினாள். ஈச்சம்பள்ளத்தில் கூட்டித் துடைத்து, சீட்டு எழுதி, அவசரத்துக்குக் கைப்பிடித்து உதவுகிற பெண்.

"யாருக்குக் கடி?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது.

"சசிகலா, யாருக்குன்னு கேக்கறேன்."

"நம்ம பாலாஜிதான் சிஸ்டர். கதிர்க் குமியில கைய விட்டுருச்சு. நல்லபாம்புங்கறாங்க. மந்திரிச்சுட்டுப் போவலாம்னு ஆளுங்க சொல்லிருக்காங்க, தம்பி கேக்கலையாம். எங்கண்ணி ஆஸ்பத்திரிக்கு விடுங்கடான்னு வந்துச்சு. நல்லா நடந்துதான் வந்துச்சு சிஸ்டர், சிரிச்சுக்கிட்டுத்தான் வந்துச்சு. பெரம்பலூருக்கு அனுப்பறேன்னேன். வேணாம், அண்ணி வச்சிருக்கும், நல்லாத் தேடுன்னுச்சு. தேடிக்கிட்டே இருந்துட்டேன். ஒங்களுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தேன்."

"போன அவங்கிட்டக் குடு."

"பேச வரல சிஸ்டர். கண்ணு சொருகுது."

சிவரஞ்சனிக்குக் குரல் எங்கிருந்தோ நிதானமாக வந்தது.

"அங்க வச்சுக்காத. ஒரு குட்டியானை வண்டியப் பிடிச்சு ஏத்தி வேப்பந்தட்டை ரோட்டுக்கு விடு. ஒருக்களிச்சுப் படுக்க வையி. நாங்க எதுத்தாப்புல வரோம்."

உள்ளே போனாள். தலைவர் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நேராகப் போய் பிரிட்ஜைத் திறந்து பெட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அன்பழகன் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான். "என்ன பண்ற? அவங்க போவட்டும்."

"வழிய விடுங்க. பாலாஜியப் பாம்பு கடிச்சிருச்சு."

அவன் விளங்காமல் நின்றான். விளங்கியதும் அப்படியே சுவரில் சாய்ந்தான்.

"அந்த மருந்த எங்கம்மா எடுத்துட்டுப் போறீங்க?" என்றார் பெண் உறுப்பினர்.

"இது இந்த ஊரு மருந்து இல்லைங்கம்மா. ஈச்சம்பள்ளத்து மருந்து. நீங்க பாக்கறதுக்காக நான்தான் எடுத்தாந்தேன். டாக்டரும் அந்த ஊரு, நானும் அந்த ஊரு, வண்டியும் இரவல். இந்த ஊர்ல ஒண்ணுமே கெடையாது. அங்க எங்க வூட்டுப் புள்ள மருந்தில்லாமக் கெடக்கறான்."

வாசலில் நின்ற ஊர் தலையைக் குனிந்தது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பதட்டத்துல இருக்கு அந்தப் பொண்ணு, இதெல்லாம் குறிப்புல ஏத்த வேண்டாம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. அதற்குள் வண்டியில் ஏறிவிட்டாள். டாக்டர் பிரசாத் பின்னாலேயே ஓடி வந்து ஏறினார்.

*

வேப்பந்தட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் குட்டியானை எதிரே வந்தது. மக்காச்சோளத் தட்டை ஏற்றுகிற வண்டி. பின்னால் சாக்கை விரித்து அவனைக் கிடத்தியிருந்தார்கள். கால் வெறுங்காலாக இருந்தது. பூட்ஸை யாரோ கழற்றித் தலைமாட்டில் ஜோடியாக வைத்திருந்தார்கள். பாம்பு கடித்தது கையில்.

ஆம்புலன்ஸுக்கு மாற்றினார்கள். பிரசாத் முதல் தடவையிலேயே நரம்பைப் பிடித்துவிட்டார். மருந்து சொட்டுச் சொட்டாக ஏறத் தொடங்கியது. மூச்சு விடுவது குறைந்துகொண்டே வந்ததால் சிவரஞ்சனி முகமூடியை வைத்து, காற்றுப் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தாள்.

"சரியாப் போயிரும்ல சார்?"

பிரசாத் மருந்து சொட்டுகிற வேகத்தைக் கூட்டினார். அவர் சின்ன வயதுக்காரர். ஒரு நாள் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள் என்று மேலே இருக்கிறவர்கள் சொன்னார்கள், போய் உட்கார்ந்தார்.

நல்லபாம்பின் விஷம் உடம்பைத்தான் கட்டிப்போடும், காதை அடைக்காது. நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கும் என்று அவளே எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறாள். அதனால் பேசிக்கொண்டே வந்தாள்.

"தம்பி, மருந்து ஏறுது. அண்ணி இங்கதான் இருக்கேன். நீ சரியான எடத்துக்குத்தான் வந்த. நாங்கதான் இல்லாமப் போயிட்டோம். கொஞ்சம் பல்லக் கடிச்சுக்கய்யா."

பாதி மூடிய இமைக்குள் கண்மணி அவள் பக்கம் திரும்பியது. திரும்பியதாக அவளுக்குத் தோன்றியது. அவன் சட்டைப்பையில் போன் விடாமல் அடித்தது. திரையில் சிந்துவின் படம் வந்து வந்து போயிற்று. காற்றுப் பையை அமுக்குகிற கையை எடுக்க முடியாது, எடுத்துப் பேசினாலும் என்ன சொல்வது?

பெரம்பலூர் ரோட்டில் எசனை தாண்டும்போது நாடி தட்டுப்படவில்லை.

பெரம்பலூர்ப் பெரியாஸ்பத்திரியில் ஓடி வந்து வாங்கிக்கொண்டார்கள். குழாய் போட்டார்கள், மெஷின் வைத்தார்கள், நெஞ்சை அமுக்கினார்கள். ஒரு குறையும் சொல்வதற்கில்லை. வெளியே வந்த பெரிய டாக்டர் அவளுடைய நர்ஸ் உடையைப் பார்த்துவிட்டு, ஒரே தொழிலில் இருக்கிறவளிடம் பேசுகிற உரிமையோடு சொன்னார்.

"ரொம்ப லேட் சிஸ்டர். கடிச்சதும் பக்கத்துல எங்கயாவது இந்த மருந்து ஏறியிருந்தா புள்ள பொழச்சிருக்கும்."

சரிங்க சார் என்றாள்.

*

மாமியார் அமிர்தவல்லியை யாரோ காரில் அழைத்து வந்தார்கள். வரும்போதே தலையில் அடித்துக்கொண்டு வந்தவள், மருமகளைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவில்லை. சுவரோரமாகத் தரையில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"ஒன் கையாலதான மருந்து ஏத்துன? ஒங்கையாலதான அவனுக்குக் கடைசி மூச்சு குடுத்த? அதுவரைக்கும் எம்புள்ள கொடுத்து வச்சவன்" என்று அமிர்தவல்லி அரற்றினாள். ஒவ்வொரு வார்த்தையும் சிவரஞ்சனியை அறுத்தது.

பைக்கில் பின்னால் வந்து சேர்ந்திருந்த அன்பழகன் சிவரஞ்சனியை எழுப்பி, தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான். மாமியார் கையை விடுவித்துக்கொள்ளவே சிரமமாக இருந்தது. அவனுக்கு ஒரு பொழுதிலேயே பத்து வயது கூடிவிட்டிருந்தது.

"அம்மாகிட்ட எதும் சொல்லாத ரஞ்சனி. மருந்து போட்டோம், கேக்கல. அது பொய்யில்லல்ல?"

அவள் மாமியார் பக்கம் திரும்பினாள், அவன் மறித்து நின்றான்.

"அந்த எம்.எல்.ஏ. அம்மா போன் பண்ணுச்சு. நாளைக்குக் காலையில அரியலூர்ல கடைசியா உக்காருறாங்களாம். நீ வந்து சொன்னா சொன்னபடி குறிப்புல ஏத்த வைக்கறேங்குது. வராட்டி கல்லேரிப்பட்டியில எல்லாம் இருக்குன்னுதான் சட்டசபைக்குப் போவும். போவாத. டாக்டரு வேல போவும், ஒன் வேல போவும். என்னைய ஊர் காறித் துப்பும். துப்பட்டும், அது பரவால்ல. எங்கம்மாவுக்கும் சிந்துவுக்கும் தெரிஞ்சுச்சுன்னா?"

"எங்கப்பாவ நெனச்சுக்கன்னீங்க," என்றாள் சிவரஞ்சனி. குரலில் கோபம்கூட இல்லை. "இனிமே யார நெனச்சுக்கறது?"

அவன் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். அவனைத் திட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் அவள்தானே. திட்டுகிற உரிமை தனக்கு எங்கே இருக்கிறது என்று நினைத்துத் திரும்பி வந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள். அமிர்தவல்லி மறுபடியும் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. சிந்து.

பெரம்பலூருக்குக் கொண்டுவந்த சேதி எப்படியோ அரியலூர் போயிருக்கிறது. முழுச்சேதி போகவில்லை. பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது.

"அக்கா, பேரளி தாண்டிட்டேன். இதோ வந்துடுவேன். யாரும் போன எடுக்க மாட்டேங்கறீங்க, எனக்கு ஒடம்பெல்லாம் ஒதறுது. மருந்து போட்டாச்சாக்கா?"

சிவரஞ்சனி பேச வாயெடுப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"அவங்க என்கிட்டப் பேசுனாங்கக்கா, கடிச்ச ஒடனே. நான் அழுதுட்டேன். நீ ஏன் அழுவற, அண்ணி ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன், மருந்து எப்பவும் இருக்கும்னு அந்தப் பாட்ட வேற பாடுனாங்க. அதுக்கப்புறந்தான் நான் சோறே தின்னேன்."

எதிரே நின்ற அன்பழகன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கையெடுத்துக் கும்பிட்டான்.

நான் இருக்கேன்ல, நான் பாத்துக்கறேன் என்று அப்பாவிடம் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. இந்தப் பெண்ணிடமும் பொய் சொன்னால் பிறகு தனக்கு இந்த உலகத்தில் ஒட்டிக்கொள்ள ஓர் இடமும் மிச்சமிருக்காது என்று நினைத்தாள்.

"சிந்து," என்றாள். "அங்க மருந்து இல்லடி. வேற ஊர்ல காட்டறதுக்கு முந்தா நாளே... இல்ல, நேத்து. நேத்து நான்தான் எடுத்துட்டுப் போயிட்டேன். அவன் நேராத்தான் வந்திருக்கான். நான் சொன்ன மாதிரியே வந்திருக்கான்."

அமிர்தவல்லி அழுகையை நிறுத்திவிட்டு மருமகள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தன் மடியில் இருந்த அவள் கையை எடுத்து, தரையில் வைத்துவிட்டாள்.

போனில் கண்டக்டர் யாரிடமோ சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார். பஸ் எங்கேயோ நின்று மறுபடி கிளம்பியது. சிந்து இறங்கிவிட்டாளோ, போனை வைத்துவிட்டாளோ என்று சிவரஞ்சனி காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் சிந்துவின் குரல் வந்தது. அழவில்லை. சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கேட்குமே, அதே குரல்.

"சரிக்கா. அது போவட்டும். இப்பக் கண்ணத் தொறந்துட்டாங்களா?"

பாலாஜியைக் கிடத்தியிருந்த அறையின் மூடிய கதவைப் பார்த்தபடி சிவரஞ்சனி உட்கார்ந்திருந்தாள். பஸ் பெரம்பலூரை நோக்கி வந்துகொண்டிருந்தது.